பெரியவர்கள் காமிக்ஸ் படிப்பது வாசிப்பில் சேருமா?

சேரும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "நாவலை எடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது, காமிக்ஸ் மட்டும் ஓடுகிறது, வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்" என்று கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா தாண்டிப் போக மனம் வரவில்லை. "இந்த வயசுல பொம்மைப் புத்தகமா?" என்ற பேச்சை நானும் நிறையவே கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்பவர்களில் பலர் எந்தப் புத்தகத்தையும் தொடுவதில்லை, அதுதான் எரிச்சல்.

நான் விமர்சகன் இல்லை, நேரம் கிடைக்கும்போது படிப்பவன். அண்மையில் சில காமிக்ஸையும் ஒரு பெரிய நாவலையும் அடுத்தடுத்துப் படித்ததால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்'. நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய தன் அப்பாவின் கதையை மகன் கேட்டுக் கேட்டு வரைந்த புத்தகம். யூதர்களுக்கு எலி முகம், ஜெர்மானியர்களுக்குப் பூனை முகம், போலந்துக்காரர்களுக்குப் பன்றி முகம். 1992இல் இதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது, கிராஃபிக் நாவல் (நாவல் போல நீளமான காமிக்ஸ் புத்தகம்) ஒன்றுக்கு அதுதான் முதல் முறை. ஆனால் நான் சொல்ல வந்தது விருதைப் பற்றி இல்லை. அப்பாவும் அம்மாவும் போலந்துக்காரர்கள் போல நடித்துத் தெருவில் போகும் இடம் ஒன்று வருகிறது. இருவரும் பன்றி முகமூடி கட்டியிருக்கிறார்கள், பின்னந்தலையில் கயிற்று முடிச்சு தெரிகிறது. அம்மாவின் கோட்டுக்குக் கீழே மட்டும் வால் நீளமாகத் தொங்குகிறது. அவளைப் பார்த்தால் யூதப் பெண் என்று சுலபமாகத் தெரிந்துவிடும் என்று அப்பா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த வாலைப் பார்த்த பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. வேகமாகப் புரட்டுகிறவருக்கு வால் கண்ணில் படாது. அப்படியானால் படம் பார்ப்பதும் கவனமாகப் படிப்பதுதானே?

பெல்ஜிய ஓவியர் எர்ஜேயின் 'திபெத்தில் டின்டின்' வேறு மாதிரி. 1960இல் புத்தகமாக வந்தது. விமான விபத்தில் எல்லோரும் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது, நண்பன் சாங் மட்டும் உயிரோடு இருப்பதாக இளம் நிருபன் டின்டின் கனவு கண்டு, அதை நம்பிக் கிளம்பிவிடுகிறான். கதை முழுக்க வில்லனே கிடையாது, பனியும் மலையும்தான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூட வரும் கேப்டன் ஹேடாக் ஓரிடத்தில் பாறை விளிம்பில் கயிற்றில் தொங்குகிறார். மேலே டின்டினால் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. உடனே கேப்டன், நீயாவது பிழைத்துக்கொள் என்று கயிற்றை அறுக்கப் பார்க்கிறார். நட்பைப் பற்றி இதைவிட நன்றாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று இதை யாராவது ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும்.

'வாட்ச்மென்' என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸை எல்லோரும் தூக்கி வைத்துப் பேசுவதால் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்று அதன் ஓவியர் டேவ் கிப்பன்ஸ் செய்திருக்கும் வேலைப்பாடு பிரமாதம். ஆனால் அந்த மனிதர்கள் யாரும் எனக்கு ஒட்டவில்லை. ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், இது என் ரசனை மட்டும்தான்.

நாவல், அலெக்சாந்தர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ'. இன்றைக்கு எல்லோரும் 'கிளாசிக்' என்று கும்பிடும் இந்தக் கதை 1844 முதல் 1846 வரை பாரிஸ் செய்தித்தாள் ஒன்றில் தொடராக வந்தது. கதையமைப்பில் ஓகுஸ்த் மாக்கே என்பவரின் பங்கும் பெரியது. வாரா வாரம் 'தொடரும்' போட்டு இருவர் சேர்ந்து செய்யும் காமிக்ஸை மட்டும் மட்டமாகப் பேசுவானேன்?

கதாநாயகன் டான்டெஸ் செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டு கிடக்கும் சிறைப் பகுதி அபாரம். வெளியே போகச் சுரங்கம் தோண்டும் பாதிரியார் ஃபாரியா கணக்குத் தப்பி டான்டெஸின் அறைக்கு வந்து சேர்கிறார். யார் உன்னை மாட்டிவிட்டது என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, அவனைச் சிறைக்கு அனுப்பிய மொட்டைக் கடிதத்தை இடது கையால் எழுதியிருப்பார்கள் என்று தானே இடது கையால் எழுதிக் காட்டுகிறார். அந்த அத்தியாயத்தை இரண்டாம் முறை படித்தேன். ரோம் நகரத்துக்குக் கதை போனதும் தொய்வு. அதுவரை உள்ளுக்குள் இருந்து பார்த்த கதாநாயகனை அங்கே வெளியே நின்று பார்க்கவேண்டியிருக்கிறது, புதுப் பெயர்கள் வேறு வந்து குவிகின்றன. நீங்கள் நாவலை நிறுத்துவதும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு ஆதங்கத்தைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் படித்த பதிப்பின் முன்னுரையிலேயே யார் சாகிறார், யார் யாரோடு சேர்கிறார், கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கிறது, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்கள். "பழைய கதைதானே, எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்பார்கள். யாருக்குத் தெரியும்? முதல் முறை படிப்பவனுக்கு அது இன்று வந்த கதைதான். அவ்வளவு பக்கம் படிக்க உட்காருகிறவனின் ஆவலை எட்டே பக்கத்தில் பிடுங்கிக்கொள்ள எந்த அறிஞருக்கும் உரிமை கிடையாது. ஆராய்ச்சி செய்ய வேண்டுமா, தாராளமாகச் செய்யட்டும், பின்னுரையாகப் போடட்டும். காமிக்ஸில் இந்தத் தொல்லை எனக்கு வந்ததே இல்லை.

அதனால் முன்னுரையைத் தொடாமல் முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் ரோமைத் தாண்டிவிடலாம். நடுவில் அலுத்தால் மூடிவைத்துவிட்டு டின்டினை எடுங்கள், அப்புறம் நாவலுக்குத் திரும்பலாம். கிண்டல் செய்கிறவர்களிடம் 'மௌஸ்' முதல் பாகத்தைக் கொடுத்துப் பாருங்கள்.