முதலில் விளிம்புக்கல், பிறகு தரைக்கல்: வீட்டு முன்புறத்தில் கார் நிறுத்த இங்கிலாந்தில் என்ன அனுமதி வேண்டும்?

கேள்வி: லண்டன் புறநகரில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்கிடும் வீடு) எங்களுடையது. முன்தோட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு கார் நிற்கிற மாதிரி கல் பதிக்க நினைக்கிறோம். கதவைத் தட்டி வந்த ஒரு கான்ட்ராக்டர், “உங்கள் நிலம்தானே, அனுமதி ஒன்றும் வேண்டாம். நடைபாதை விளிம்பையும் நானே இறக்கித் தருகிறேன்” என்கிறார். இப்போது நடைபாதை மேல் ஏற்றித்தான் காரை உள்ளே விடுகிறோம். அவர் சொல்வது சரியா? எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: சரியில்லை. கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் நிலம் முன்சுவரோடு முடிந்துவிடுகிறது. சுவருக்கும் தார்ச் சாலைக்கும் நடுவில் இருக்கும் நடைபாதை பொதுவழி. அதில் ஒரு கல்லைப் பெயர்க்கவும் சாலைகளைக் கவனிக்கும் ஹைவேஸ் பிரிவின் ஒப்புதல் வேண்டும். ஆகவே உங்கள் முன்னால் இருப்பது இரண்டு தனித்தனி வேலைகள். சுவருக்கு உள்ளே கல் பதிப்பது பிளானிங் சட்டத்தின் கீழ் வரும். சுவருக்கு வெளியே விளிம்பை இறக்குவது, அதாவது கார் ஏற நடைபாதையின் ஓரக்கல்லைத் தாழ்த்துவது, 1980ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டத்தின் 184ஆம் பிரிவின் கீழ் வரும். ஒன்றுக்கு அனுமதி கிடைத்தால் மற்றதற்கும் கிடைத்ததாக ஆகாது. லண்டன் பரோவில் இரண்டும் ஒரே கவுன்சிலுக்குள் இருந்தாலும் பிரிவுகள் வேறு. கவுண்டி கவுன்சிலும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலும் இருக்கிற ஊர்களில் ஹைவேஸ் கவுண்டியிடம், பிளானிங் டிஸ்ட்ரிக்ட்டிடம். லண்டனின் சிவப்புக் கோட்டுச் சாலைகளில் விளிம்பை இறக்க டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனைத்தான் கேட்க வேண்டும்.

கனடா, அமெரிக்க உறவினர்கள் ‘சோனிங்’ (எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று முன்பே வகுத்துவைக்கும் முறை) என்று சொல்வதை இங்கே தேட வேண்டாம். இங்கிலாந்தில் அந்த முறை இல்லை. பொது விதியால் அனுமதிக்கப்பட்ட வேலை எது, விண்ணப்பம் தேவைப்படும் வேலை எது என்பதுதான் இங்கே கேள்வி.

நடைபாதை அனுமதியை முதலில் கேளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் பணத்தை இழக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பவுண்ட் கொட்டிக் கல் பதித்து முடித்த பிறகு ஹைவேஸ் பிரிவு “முடியாது” என்றால், அந்த முற்றத்துக்குள் சட்டப்படி காரை ஏற்ற வழியே இல்லை. கொட்டிய பணத்துக்காக யாரும் இரங்க மாட்டார்கள்.

விண்ணப்பிக்கும் முன் அளவு நாடாவை எடுங்கள். உங்களைப் போன்ற 1930களின் வீடுகளில் முன் ஜன்னல் வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். சுவரிலிருந்து அளந்தால் 5.3 மீட்டர் வரும், துருத்தி நிற்கும் ஜன்னலிலிருந்து அளந்தால் 4.6 மீட்டர்தான் வரும். கார் ஜன்னலுக்கு நேரே நிற்கப் போகிறது என்றால் கணக்கில் வருவது இரண்டாவது அளவுதான். பல கவுன்சில்கள் வீட்டுக்கும் நடைபாதையின் உள்விளிம்புக்கும் இடையே குறைந்தது 4.8 மீட்டர் கேட்கின்றன. சில 5 மீட்டர் கேட்கும், சில கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். உங்கள் கவுன்சிலின் தளத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். அகலத்துக்கு ஒரு காருக்கு 2.4 மீட்டர் என்பது வழக்கமான அளவு. கார் சாலைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், அதன் மூக்கோ வாலோ நடைபாதைக்குள் நீளக் கூடாது. “எங்கள் கார் சின்னது” என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் நாளை வீடு கைமாறினால் பெரிய கார் வரும்.

பிறகு வாசலில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தெருமரம், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், பக்கத்திலேயே தெரு முனை ஆகியவைதான் வழக்கமாக மறுப்புக்குக் காரணம். மரத்தின் வேர் வெட்டுப்படும் என்று தெரிந்தால் பல கவுன்சில்கள் பேச்சுக்கே இடம் தராது. உங்கள் வாசலில் குடியிருப்போர் பர்மிட் கட்டம் வரைந்திருந்தால், அதை அகற்றப் போக்குவரத்து ஆணையைத் திருத்த வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் மாதக் கணக்கில் காத்திருப்பும் உண்டு. நிறுத்த இடம் நெருக்கடியான தெரு என்றால் அதையே காரணம் காட்டி மறுப்பதும் உண்டு.

அனுமதி கிடைத்தால் வேலையைக் கவுன்சிலின் ஆட்களோ, கவுன்சில் ஒப்புக்கொண்ட கான்ட்ராக்டரோதான் செய்வார்கள். காரணம் வெறும் அதிகாரம் அல்ல. சாதாரண நடைபாதை மனிதர் நடக்கப் போட்டது. அதன் கீழே எரிவாயு, தண்ணீர், மின்சாரம், இணையக் கேபிள் எல்லாம் அதிக ஆழமின்றி ஓடுகின்றன. ஒன்றரை டன் கார் தினமும் ஏறி இறங்க வேண்டுமானால் அந்தத் துண்டைத் தோண்டி, அடித்தளத்தைக் கனமாக்கி, மறுபடி மூட வேண்டும். சாலையிலிருந்து 100 முதல் 125 மி.மீ. உயரத்தில் நிற்கும் விளிம்புக்கல் ஏறத்தாழ 25 மி.மீ.க்கு இறக்கப்படும். இரண்டு ஓரத்திலும் சரிவுக்கல் ஒவ்வொன்று வரும், ஒரு கல் 915 மி.மீ. நீளம். எனவே சரிவுக்கல்லையும் சேர்த்து அகலத்தைக் கணக்கிடுங்கள். குழாயையோ கேபிளையோ நகர்த்த வேண்டி வந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான், அது விளிம்பை இறக்கும் செலவையே மிஞ்சக்கூடும். விலை மேற்கோள் வந்ததும் இது உள்ளே அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது ஏற்றி விடுகிறீர்களே, அதை நிறுத்திவிடுங்கள். 1835ஆம் ஆண்டு ஹைவே சட்டத்தின் 72ஆம் பிரிவு இன்றும் நடப்பில் இருக்கிறது, நடைபாதையில் வண்டி ஓட்டுவது குற்றம். கல் உடைந்தால் பழுதுச் செலவையும் உங்களிடம் கேட்கலாம். சாலையோரத்தில் மரக்கட்டையோ ரப்பர் சரிவோ வைப்பதும் தீர்வு அல்ல. மழைநீர் ஓடும் தடத்தை அது அடைக்கும், சைக்கிளில் வருபவரைத் தள்ளிவிடும்.

இனி சுவருக்கு உள்ளே. 2008 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரு விதி உண்டு. வீட்டின் முன்முகப்புக்கும் சாலைக்கும் நடுவில் 5 சதுர மீட்டருக்கு மேல் கெட்டித்தரை போட்டால், அது தண்ணீர் இறங்கும் தரையாக இருக்க வேண்டும், அல்லது வழியும் தண்ணீர் உங்கள் நிலத்துக்குள்ளேயே ஒரு மண்பரப்பில் போய் இறங்க வேண்டும். இப்படிச் செய்தால் பிளானிங் விண்ணப்பம் வேண்டாம். பழைய கான்கிரீட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டாலும் இதே விதிதான். ஒரு கார் நிறுத்தவே 11 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும், ஆகவே 5 என்ற வரம்புக்குள் நீங்கள் அடங்க வழியில்லை. 2007 கோடை வெள்ளத்துக்குப் பிறகு வந்த விதி இது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கல்லாக மாறினால் மழை முழுவதும் ஒரே நேரத்தில் சாக்கடைக்குள் பாய்ந்து, பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குள் ஏறும். இதை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம்.

கான்ட்ராக்டர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். ‘பெர்மியபிள் பிளாக்’ (தண்ணீர் இறங்கும் கல்) என்று எழுதி விலை போட்டுவிட்டு, கீழே வழக்கமான டைப் 1 கல்லைக் கொட்டி இறுக்குவார்கள். அதில் இருக்கும் தூள் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும், மேலே எவ்வளவு நல்ல கல் இருந்தாலும் தண்ணீர் இறங்காது. அடியில் தூள் இல்லாத உடைகல் வேண்டும், டைப் 3 அல்லது 4 முதல் 20 மி.மீ. வரையிலான கல். இடுக்குகளில் உலர்மணலுக்குப் பதில் பொடிச் சல்லி போட வேண்டும். லண்டன் களிமண் தண்ணீரை மெல்லத்தான் குடிக்கும், எனவே அடித்தளம் ஆழமாக இருந்தால்தான் பெருமழையைக் கொஞ்ச நேரம் தாங்கி வைத்திருக்கும். மேற்கோளில் இந்த மூன்றையும், அதாவது அடிக்கல்லின் வகை, ஆழம், இடுக்கு நிரப்பும் பொருள் ஆகியவற்றை, எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வாசல் ஓரமாக நீள வடிகால் ஒன்றைப் பதித்து அதைச் சாக்கடைக் குழாயில் சேர்ப்பதும் வழக்கமான தவறு. வடிகால் போடலாம், ஆனால் அது பூச்செடிப் பாத்தியிலோ உறிஞ்சுகுழியிலோ முடிய வேண்டும். உறிஞ்சுகுழி வீட்டிலிருந்து 5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதால், உங்கள் முன்புறத்தில் அதற்கு இடம் கிடைப்பது கடினம். பாத்திதான் நடைமுறையில் நல்லது. இரண்டு சக்கரத் தடம் மட்டும் கல்லாகவும் நடுவில் சரளையோ புல்லோ இருக்கும்படி செய்தால் செலவும் குறையும். சரளை மட்டும் போடுவதானால் வாசலில் ஒரு வரிசைக் கல் பதியுங்கள், இல்லாவிட்டால் சரளை நடைபாதைக்கு வந்துவிடும்.

தரை மட்டத்தைக் கவனியுங்கள். வீட்டுச் செங்கலில் தரையிலிருந்து சற்று மேலே, இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அதுதான் ஈரத் தடுப்பு அடுக்கு. முடிந்த தரை அதற்கு 150 மி.மீ.யாவது கீழே இருக்க வேண்டும், காற்றுத் துளைச் செங்கற்களை மூடவே கூடாது. பழைய தரையைத் தோண்டாமல் மேலேயே போடுபவர்கள் இந்தக் கோட்டை நெருங்கிவிடுவார்கள். சில குளிர்காலங்களில் உள்சுவரில் ஈரம் தெரியும். நடைபாதையின் மட்டமோ உங்கள் கையில் இல்லை. விளிம்பை இறக்கும் வேலை முடிந்த பிறகு கல் பதித்தால் இரண்டு மட்டத்துக்கும் நடுவில் சரியாகச் சரிவு பிடிக்கலாம்.

பிளானிங் விண்ணப்பம் கட்டாயமாகும் இடங்களும் உண்டு. உங்கள் சாலை ஏ, பி போன்ற வகைப்படுத்தப்பட்ட சாலை என்றால் புதிய வாகன வழிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீடு பிளாட் அல்லது மேசொனெட் (ஒரு கட்டடத்துக்குள் தனி வாசலோடு இருக்கும் குடியிருப்பு) என்றால் மேலே சொன்ன பொது அனுமதி பொருந்தாது. பழமை காக்கும் ‘கன்சர்வேஷன்’ பகுதியில் ஆர்ட்டிகிள் 4 ஆணை (பொது அனுமதியை விலக்கும் ஆணை) இருந்தால் முன்சுவரை இடிக்கக்கூட அனுமதி வேண்டியிருக்கும். பத்திரத்தில் ‘முன்தோட்டம் தோட்டமாகவே இருக்க வேண்டும்’ என்ற பழைய நிபந்தனை இருக்கிறதா என்பதையும் பாருங்கள், கவுன்சில் அதைப் பார்க்காது. கேட் வைத்தால் உள்பக்கமாகத் திறக்க வேண்டும்.

“யாரும் கேட்க மாட்டார்கள், நாலு வருஷம் போனால் சரியாகிவிடும்” என்று சொல்பவர் உண்டு. அனுமதியின்றிச் செய்த வேலை மீது கவுன்சில் நடவடிக்கை எடுக்கும் காலவரம்பு அது; 2024 ஏப்ரல் 25 முதல் 10 ஆண்டு. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் விளிம்பை இறக்கிய அனுமதியைக் கேட்பார், ஆகவே கடிதத்தையும் ரசீதையும் வைத்திருங்கள். கதவைத் தட்டி வந்தவரிடம் ஏற்கனவே ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பெரும்பாலும் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

எல்லாம் முடிந்த பிறகு வேறொருவர் உங்கள் வாசலை மறித்து நிறுத்தினால், 2004 டிராஃபிக் மேனேஜ்மென்ட் சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி கவுன்சில் அபராதச் சீட்டு வைக்கலாம். இறக்கிய விளிம்பு இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. தனி வீட்டு வாசல் என்றால் நீங்கள் முறையிட்டால்தான் வழக்கமாக வருவார்கள், ஏனென்றால் உங்கள் சம்மதத்தோடு அங்கே நிறுத்துவது குற்றமில்லை. பக்கத்து வீட்டோடு பங்கிடும் வாசலில் இந்தச் சலுகை கிடையாது. சாலையில் வரையும் வெள்ளை ‘எச்’ கோடு தனியாக அபராதத்துக்கு வழி செய்யாது, வாசல் இருப்பதை நினைவூட்டும் குறி அது. கவுன்சில் அதற்குக் கட்டணம் கேட்டால், தினமும் மறிப்பு நடக்கிற தெருவாக இருந்தால் மட்டும் கட்டுங்கள்.