தனியாக நிரல் எழுதுபவருக்கும் கிட் (Git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) தேவையா? கோப்புறையை நகலெடுத்து வைத்தால் போதாதா?

தினமும் கோப்புறையைத் தேதியிட்டு நகலெடுத்து வைக்கிறீர்கள் என்றும், உங்களைத் தவிர வேறு யாரும் அந்த நிரலைத் தொடுவதில்லை என்றும் கேள்வியிலிருந்து புரிந்துகொள்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பழக்கத்தால் ஒரு வாரம் பலருடைய கூலி குறைந்துபோனது. அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு நிரலை நான் ஒருவனாகவே எழுதிக் கொடுத்திருந்தேன். மாலையோடு வேலை முடிந்தால் ஒரு ஷிப்ட், இரவு வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம் என்பது அங்கே கணக்கு. ஒன்றரை ஷிப்டில் இருந்த ஒரு பிழையைப் புதன்கிழமை அலுவலகக் கணினியில் திருத்தினேன். வெள்ளி இரவு வீட்டில், திங்களன்று பென் டிரைவில் கொண்டுவந்திருந்த பழைய நகலில் அட்வான்ஸ் பிடித்தத்தைச் சேர்த்து, மறுநாள் காலை அதை அலுவலகக் கோப்புறையின் மேலேயே ஒட்டினேன். புதன்கிழமைத் திருத்தம் அதோடு அழிந்தது.

அன்று மாலை ஓவர்லாக் தைக்கும் ஓர் அக்கா, "ஏனுங்க தம்பி, நம்ம நோட்டுல நாலு நாளு ஒன்றரைன்னு எழுதியிருக்குதுங்களே" என்று நோட்டை என்னிடம் நீட்டினார். தேதி, ஷிப்ட், எந்த ஆர்டருக்காக இரவு நின்றார் என்பது வரை அதில் இருந்தது. என்னிடமோ தேதியிட்ட பதினொரு நகல்கள் இருந்தும், எந்தத் திருத்தம் எதில் இருக்கிறது, எதிலிருந்து எது பிறந்தது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. எல்லாருடைய கூலியையும் கையால் கணக்கிட்டுக் கொடுத்து முடிக்க இரவாகிவிட்டது.

கிட்டில் கமிட் என்பது அந்த நோட்டின் ஒரு வரியைப் போன்றது. நிரலின் அந்த நேரத்து முழு நிலை, தேதி, எழுதியவர் பெயர், காரணம், முந்தைய கமிட் எது என்ற சுட்டு ஆகிய ஐந்தும் அதில் சேர்ந்தே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை உருவாக்கினார் என்பதால், பெரிய குழுவுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு கணினிகளில் வேலை செய்பவர் இரண்டு ஆட்களுக்குச் சமம். புதன்கிழமைத் திருத்தத்தைக் கமிட் செய்து பொதுவான களஞ்சியத்துக்கு (கமிட்டுகள் எல்லாம் சேர்ந்திருக்கும் இடம்) அனுப்பியிருந்தால், வெள்ளிக்கிழமை வேலையை அனுப்பும்போது கிட் அதை ஏற்க மறுத்து, முதலில் அங்கிருப்பதை எடுத்து இணைக்கச் சொல்லியிருக்கும். இரண்டும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், முரண் என்று காட்டி என் முடிவுக்கு நிறுத்தியிருக்கும்.

சிறிய நிரலுக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் எழுதுவார்கள். ஒரே நாளில் எழுதித் தூக்கிப்போடும் நிரலுக்கு வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; பிறருடைய பணத்தைக் கணக்கிடும் நிரல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதில் சேராது. நான் படித்த பொறியியல் கல்லூரியில் ஆய்வக ரெக்கார்டு நோட்டில் கோடு சரியாகப் போடவில்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது மாற்றங்களைப் பதிவுசெய்யக் கற்றுக்கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தொடங்குவதற்குக் கிட் இனிட் (களஞ்சியத்தை உருவாக்க), கிட் ஆட் (பதிய வேண்டிய மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க), கிட் கமிட் (அதைப் பதிய), கிட் டிஃப் (என்ன மாறியது என்று பார்க்க), கிட் லாக் (வரலாற்றைப் பார்க்க) என்ற ஐந்து கட்டளைகள் போதும். ஒரு கமிட்டில் ஒரு மாற்றத்தை மட்டும் வையுங்கள். "திருத்தம்" என்று மட்டும் எழுதாமல் எதை, ஏன் என்று எழுதுங்கள். களஞ்சியம் உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் வன்தட்டு பழுதாகும்போது வரலாறும் சேர்ந்தே போகும் என்பதால், வேறோர் இடத்துக்கும் அனுப்பி வையுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பை முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோரில் (.gitignore, கிட் பதியக்கூடாத கோப்புகளின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள். ஒருமுறை கமிட் ஆகிவிட்டால், பிறகு அந்தக் கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டுகளில் அது இருந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.