குடல் சோதனைக்கு முன் குடலைக் காலி செய்யுங்கள்

கேள்வி: நாங்கள் செங்கோட்டைப் பக்கம். ஆறு வயது மகன் வாரத்துக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான், அதுவும் அழுதுகொண்டே. இடையில் ஜட்டியில் கறை. தினமும் ஏத்தன்பழம் கொடுக்கிறோம், மாமியார் சொல்லி விளக்கெண்ணெயும் கொடுத்தாயிற்று. திருவனந்தபுரம் போய் மேனோமெட்ரி என்ற குடல் சோதனை எடுக்கச் சொல்கிறார்கள். அவனுக்குக் குடல் வேலை செய்யவில்லையா?

பதில்: ஜட்டிக் கறைக்காக அவனைத் திட்டாதீர்கள், அம்மா. அது சோம்பல் இல்லை. ஒருமுறை வலித்ததும் பிள்ளை பயந்து அடக்கத் தொடங்குகிறது. காலைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்பதைப் பார்த்தால் முக்குவது போலத் தெரியும், உண்மையில் அடக்குகிறான். தேங்கிய மலத்திலிருந்து நீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது கல்லாக இறுகும். மலக்குடல் விரிந்து விரிந்து, நிறைந்த உணர்வே மங்கிவிடும். கட்டியைச் சுற்றி இளகிய மலம் அவனுக்குத் தெரியாமலே கசியும்.

இதை வெளியேற்ற ஏத்தன்பழம் போதாது. விளக்கெண்ணெயை நிறுத்திவிடுங்கள். வழக்கமான மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி: உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள், டாக்டர் மேற்பார்வையில். அப்புறம் குறைந்த அளவில் குறைந்தது 2 மாதம். பலருக்கு இன்னும் நீளும். ‘இப்போது நன்றாகப் போகிறானே’ என்று இரண்டாம் வாரமே நிறுத்துவதால்தான் பெரும்பாலும் பழைய கதை திரும்புகிறது. குடல் பழகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இந்தப் பொடி மலத்தில் நீரைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்டதும் பெருங்குடல் தானே அசையும். அந்த நேரத்தில் 5, 10 நிமிடம் உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு மணை போடுங்கள்.

மேனோமெட்ரியில் குடலுக்குள் மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை அளப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகோ, குடலைத் தூண்டும் பிசகோடில் மருந்து கொடுத்த பிறகோ வலுவான அலைகள் கீழ்நோக்கி ஓடினால் நரம்பும் தசையும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் மலம் அடைத்து விரிந்த குடலில் நல்ல அலைகூடத் தெரியாமல் போகலாம். முழு அளவு மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தும் பலனில்லை, அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும் என்ற நிலையில்தான் இந்தச் சோதனைக்கு வேலை.

ஒன்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். பிறந்த 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போனானா? போகவில்லை என்றாலோ, எடை ஏறவில்லை என்றாலோ, பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதை உறுதி செய்வது மலக்குடலில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால் திருவனந்தபுரம் வரை காத்திருக்காதீர்கள். தென்காசியோ புனலூரோ, பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.