வக்கீல் அக்கா பதில்கள்: ஒரே வயிறு, இரண்டு குடியுரிமை

கேள்வி: நான் இந்தியாவில் பிறந்த இந்தியக் குடிமகள். கணவர் வெளிநாட்டுக்காரர். மகன் 1991-லும் மகள் 1994-லும் அவருடைய நாட்டில் பிறந்தார்கள். மகளுக்கு இந்தியக் குடியுரிமை உண்டு, மகனுக்கு இல்லை என்கிறார்கள். ஒரு தாய் பிள்ளைகளுக்குள் இப்படியும் வித்தியாசம் இருக்குமா?

இருக்கிறதம்மா. சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அப்பா வழியாக மட்டுமே குடியுரிமை தந்தது. பெற்றோரில் யாராவது ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும் என்று திருத்தியது 1992 டிசம்பர் 10-இலிருந்துதான் செல்லும். அதற்கு முதல் நாள் ராத்திரி பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் பாஸ்போர்ட் வெறும் அட்டைதான். உங்கள் மகன் கொஞ்சம் முந்திக்கொண்டுவிட்டார்.

அவருக்கு வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, வந்துபோகத் தடையில்லை. குடியுரிமையே வேண்டுமென்றால், அந்த அட்டை வாங்கி 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய 12 மாதம் இங்கே வசித்திருந்தால் பதிவுக்கு மனுப் போடலாம். மகள் விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும்: அப்பா நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறாரா? இரட்டைக் குடியுரிமை நமக்குக் கிடையாது. எடுத்திருந்தால் எந்த வயதில், யார் எடுத்தது என்ற காகிதங்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்கு ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் யூனிட்டி டவ் ஞாபகம் வரும். அவரும் வக்கீல், கணவர் அமெரிக்கர். கல்யாணத்துக்கு முன் பிறந்த குழந்தை அம்மாவை வைத்து போட்ஸ்வானா பிரஜை ஆனது. கல்யாணத்துக்குப் பின் அதே மண்ணில் பிறந்த இரண்டு குழந்தைகள் அந்நியர்கள்! கல்யாணமே செய்யாமல் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மூன்றும் பிரஜைகளாக இருந்திருக்கும். அரசின் மேல் வழக்குப் போட்டார், 1992-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். பின்னாளில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் அவர்தான்.

கேள்வி: இதெல்லாம் பழங்கதை. இப்போது எல்லா நாட்டிலும் ஆணும் பெண்ணும் சமம்தானே?

இல்லை சார். குவைத், கத்தார், லெபனான், ஜோர்டான் என்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் அம்மாவால் அப்பாவைப் போலப் பிள்ளைக்குக் குடியுரிமை தர முடியாது. அப்பா யாரென்று தெரியாத, அல்லது அப்பாவுக்கே நாடில்லாத குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரலாம். இலங்கை 2003-இலும் சிங்கப்பூர் 2004-இலும்தான் மாறின. நீங்கள் பழங்கதை என்பது நேற்று நடந்தது.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன் என்று மேலாளரிடம் சொன்ன மறுவாரமே, "இப்போதைக்கு ராஜினாமா கொடு, குழந்தை பிறந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். நல்ல மனுஷர்தான். கொடுக்கலாமா அக்கா?

கொடுக்காதே. மனுஷர் நல்லவராகவே இருக்கட்டும். நீ கொடுக்கும் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி இருக்கும். அதை அவர்களே சொல்லி எழுத வைப்பார்கள். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால், நீக்கப்பட்டவள் என்ற இடத்திலிருந்து நீயாகவே போனவள் என்ற இடத்துக்கு வந்துவிடுவாய். அப்புறம் என் மாதிரி வக்கீல் என்ன வாதாடினாலும் அந்தக் காகிதம்தான் முதலில் பேசும்.

உன் அலுவலகத்தில் 10 பேராவது வேலை பார்க்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் நீ 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். அப்படியென்றால் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த இந்தப் பாதுகாப்பு, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

கல்யாணத்தையும் குடும்பத்தையும் காட்டிப் பெண்ணின் வேலையில் கைவைப்பது அரசு வேலையிலேயே நடந்திருக்கிறது. வெளியுறவுப் பணியில் இருந்த பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்தப் பணியில் இருந்த சி.பி.முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரியின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆண் அதிகாரிக்கும் அப்படித்தானே என்ற பொருளில் 1979-இல் எழுதினார் நீதிபதி கிருஷ்ணய்யர். அதற்குப் பிறகும், 1988-இல், கல்யாணம் ஆனதற்காகவே ராணுவ நர்ஸ் செலினா ஜானை வேலையிலிருந்து அனுப்பினார்கள். 60 லட்சம் ரூபாய் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2024-இல். நடுவில் 36 வருடம் போயிருந்தது.

உனக்கு அத்தனை வருடம் வேண்டாம். இன்றைக்கே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடு: "நீங்கள் கேட்டபடி ராஜினாமா செய்ய எனக்கு விருப்பமில்லை. இன்ன தேதியிலிருந்து மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பிக்கிறேன்." டாக்டர் சான்றிதழை இணைத்து, ஒரு பிரதியை உன் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பிவை. அலுவலகக் கணக்கை ஒரே நிமிடத்தில் பூட்டிவிடுவார்கள்.