நடைபாதையில் கிடக்கும் முகக்கவசத்தை எடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்போது இராஜகிரியவில் மகனின் குடும்பத்தோடு இருக்கிறேன். நீரிழிவு இருப்பதால் தினமும் நடக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். காலையில் தியவன்னா ஓயாவை ஒட்டிய நடைபாதைக்குப் போகிறேன். வழியில் கிடக்கும் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் பொறுக்கிவருவது பழக்கமாகிவிட்டது. ஆனால் முகக்கவசங்களைக் கண்டால் கை கூசுகிறது. செருப்புக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறேன். கொரோனாக் காலம் போனாலும் தடிமன், தூசி, வைத்தியசாலை என்று பலர் இன்னும் அணிகிறார்கள், கழற்றிய இடத்திலேயே விட்டும் போகிறார்கள். அண்மையில் ஓர் இளைஞர் என் கண்முன்னே தும்மிவிட்டு முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தார். ஏன் எறிகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அதற்குத்தானே மாநகர சபை இருக்கிறது" என்றார். மருமகளோ, சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஊரார் குப்பையைக் கொண்டுவர வேண்டாம் என்கிறாள். முகக்கவசத்தை எடுக்கலாமா? எடுத்தால் எங்கே போடுவது? எறிகிறவர்களிடம் பேசுவதா, பேசாமல் இருப்பதா? ஒன்பது வயதுப் பேரன் தானும் வருவேன் என்கிறான், கூட்டிப்போகலாமா?
— வாசகி, இராஜகிரிய

பதில்:

அன்புள்ள அம்மா,

எடுக்கலாம், வெறுங்கையால் வேண்டாம். காலால் ஓரத்துக்குத் தள்ளுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் நடக்கும் இடத்தில் பாதையின் ஓரம் என்பது தண்ணீரின் ஓரம். பாதையின் நடுவில் கிடப்பதைக் கூட்டுகிற தொழிலாளியாவது எடுத்துவிடுவார். புல்லுக்குள் போனதை ஒருவரும் எடுப்பதில்லை, அடுத்த மழை அதை ஓயாவுக்குள் இறக்கிவிடும்.

தொற்றுப் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2020 இல் ஹொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனையொன்றில், சத்திரசிகிச்சை முகக்கவசத்தின் வெளிப்புறத்தில் ஏழாம் நாளிலும் கொரோனா வைரஸ் மிகச் சிறிதளவு தொற்றும் நிலையில் இருந்ததாகத் தெரியவந்தது. அந்தச் செய்தி அப்போது பலரைக் கலங்கடித்தது. ஆனால் அது ஆய்வுகூடத்துக்குள், வெப்பநிலையும் ஈரப்பதனும் மாறாத சூழலில், வைரஸை வேண்டுமென்றே இட்டுச் செய்த பரிசோதனை. கொழும்பின் வெயிலிலும் காற்றிலும் கிடந்து காய்ந்துபோன முகக்கவசத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. அந்த இளைஞர் தும்மிவிட்டு எறிந்ததைப் போல ஈரம் காயாமல் கிடப்பது வேறு விஷயம். அதில் சாதாரணத் தடிமன் கிருமி இருந்தாலும் போதும், தொட்ட கை மூக்குக்கோ கண்ணுக்கோ போனால் ஒட்டிக்கொள்ளும். கை அதைத் தொடவில்லையென்றால், வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவியும் விட்டால், அதற்குமேல் அஞ்ச வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது "செருப்புக் காலால்" என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் சிறு கீறல் விழுந்தாலும் சில வேளை தெரிவதில்லை, தெரிந்த பிறகும் ஆறுவதற்கு நாளெடுக்கும். தியவன்னாவின் கரையோரம் ஈரநிலம். அங்கே எலிகள் உண்டு, எலிகளின் சிறுநீர் கலந்த சேறும் தேங்கிய நீரும் உண்டு. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் பக்டீரியா இப்படிப்பட்ட ஈரத்திலிருந்துதான் தோலிலுள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போகிறது. ஆகவே முன்புறம் மூடிய சப்பாத்தும் காலுறையும் அணிந்தே நடைக்குப் போங்கள். மழை பெய்த மறுநாள் புல்லுக்குள் இறங்கவே வேண்டாம். அந்த ஓயாவில் முதலைகள் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. தண்ணீரின் விளிம்பில் கிடக்கும் போத்தல் எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் அதை விட்டுவிட்டு வாருங்கள்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. குனியாமல் எடுக்கக்கூடிய நீண்ட பிடியுள்ள இடுக்கி ஒன்று போதும். சிலர் நுனியில் ஆணி அடித்த தடியைக் கொண்டுவருகிறார்கள். காகிதத்துக்கும் பொலித்தீனுக்கும் அது நல்லது, ஆனால் முகக்கவசத்தில் குத்தினால் இழைகள் ஆணியைச் சுற்றிக்கொள்ளும், காதுப்பட்டி தடியில் மாட்டிக்கொண்டு தொங்கும், கடைசியில் எதைத் தொடக்கூடாது என்று நினைத்தீர்களோ அதைக் கையாலேயே பிடுங்க வேண்டிவரும். இடுக்கியால் எடுக்கும்போதும் காதுப்பட்டியைப் பிடிக்காமல் மூக்குக் கம்பி இருக்கும் விளிம்பைப் பிடித்தால் நழுவாமல் வரும். சேகரிப்பதற்கு மெல்லிய ஷொப்பிங் பையைவிட வெறுமையான அரிசிப் பையோ உரப் பையோ மேல். உடைந்த போத்தல் பட்டாலும் கிழியாது. ஊசியோ மருந்துக் குப்பியோ கண்ணில் பட்டால் இடுக்கியாலும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

துணி மாதிரித் தெரிவதால் முகக்கவசம் மக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நீலநிற மூன்றடுக்கு முகக்கவசம் பொலிப்புரொப்பிலீனால் ஆனது. அரிசி மூட்டை நெய்வதும் அதே பிளாஸ்டிக்கில்தான். மூட்டையில் அது பட்டையாக இருக்கிறது, முகக்கவசத்தின் நடு அடுக்கில் தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய இழையாக இருக்கிறது. வெயிலில் காய்ந்து, தண்ணீரில் அலைந்து நொறுங்கும்போது இந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த இடுக்கியாலும் எடுக்க முடியாது. கொழும்பின் ஈரநிலங்களும் கால்வாய்களும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை என்பதால், தியவன்னாவில் இறங்கியது அங்கேயே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. களனி ஆற்றுக்கோ, வெள்ளவத்தை, தெகிவளைக் கடலுக்கோ போய்ச்சேரலாம். 2018 இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. அந்தப் பெருமைக்குக் காரணமான கொக்கும் நீர்க்காகமும் மீன்பிடிப் பூனையும் வாழும் நீரைத்தான் சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் நெதர்லாந்தின் லைடன் நகரக் கால்வாயைத் துப்புரவு செய்த தொண்டர்கள், எறியப்பட்ட மருத்துவக் கையுறையின் பெருவிரலுக்குள் சிக்கி இறந்துகிடந்த சிறு மீனொன்றைக் கண்டெடுத்தார்கள். அதே நகரில் நீர்ப்பறவைகள் முகக்கவசங்களைக் கொண்டே கூடு கட்டியதும் பதிவாகியிருக்கிறது. உங்கள் வீட்டில் பாவித்தவற்றை எறியும்போது இரண்டு காதுப்பட்டிகளையும் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பறவையின் கால் சிக்காது. வழியில் பொறுக்கியவற்றில் அந்த வேலை வேண்டாம். பையை இறுகக் கட்டினாலே போதும்.

எங்கே போடுவது என்பதுதான் உங்கள் கேள்விகளில் முக்கியமானது. பொறுக்குவதோடு வேலை முடிந்துவிட்டதாகவே நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். பொது இடங்களில் நிறம் பிரித்த தொட்டிகள் இருந்தால், செம்மஞ்சள் தொட்டி மீள்சுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்குக்கானது. முகக்கவசம் பிளாஸ்டிக்தானே என்று அதற்குள் போட்டுவிடாதீர்கள். கம்பியும் இறப்பரும் கலந்த, பிறர் மூச்சுப் பட்ட பொருளை அங்கே ஒருவரும் பிரித்தெடுக்கமாட்டார்கள், அது கூடக் கிடக்கும் நல்ல போத்தல்களையும் கெடுத்துவிடும். கூட்டிக் குவித்த சருகோடும் சேர்க்க வேண்டாம். அந்தக் குவியலுக்குச் சில இடங்களில் நெருப்பு வைத்துவிடுகிறார்கள், நடக்க வந்தவர்கள் பிளாஸ்டிக் புகையைச் சுவாசிக்க வேண்டியதாகிவிடும். மீள்சுழற்சிக்கு உதவாத குப்பையோடுதான் அது போக வேண்டும். அந்தக் குப்பையை எந்த நாளில், எந்த இடத்திலிருந்து ஏற்றுகிறார்கள் என்பது பாதையைக் கூட்டும் தொழிலாளிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவரிடம் கேளுங்கள், காலை வணக்கத்தோடு கேட்டால் மனம் வைத்துச் சொல்வார். தியவன்னாவின் ஒரு கரை கோட்டே மாநகர சபையின் எல்லைக்குள் வருகிறது, பத்தரமுல்லைப் பக்கம் கடுவலை மாநகர சபையைச் சேர்ந்தது, நடைபாதையின் பராமரிப்பு இன்னோர் அரச நிறுவனத்திடம் இருக்கவும் கூடும். இதை அறியாமல் கட்டிய பையை ஏதோ ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தால் இரவில் நாய் கிழித்துவிடும், மறுநாள் அதே குப்பையை நீங்கள் மறுபடியும் பொறுக்க வேண்டியிருக்கும். குப்பை நம் கண்ணை விட்டு மறைந்தால் போதும் என்றிருந்த நகரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு, 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடி 32 பேர் இறந்ததே சாட்சி. மீதொட்டமுல்லை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

மருமகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பை வீட்டுக்கு வரக்கூடாது, வரவும் தேவையில்லை; நடை முடியும் இடத்திலேயே அதன் கதை முடிந்துவிட வேண்டும். இடுக்கியையும் வாசலுக்கு வெளியே சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். இவ்வளவையும் முதலில் அவரிடம் எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்கினால், மறுபாதி வாக்குவாதமும் இருக்காது. ஊரார் குப்பை என்ற பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி அந்த இளைஞர். கண்முன்னே எறிகிறவரைக் கண்டால் கோபம் வருவது இயல்பு, ஆனால் நீங்கள் காணும் முகக்கவசங்கள் எல்லாம் எறியப்பட்டவை என்று எண்ணிவிடாதீர்கள். எங்கே கிடக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். வாகனம் நிறுத்துமிடம், உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கும் இடம், ஆட்கள் நின்று படமெடுக்கும் இடம் ஆகியவற்றின் அருகில் அதிகம் கிடந்தால், அவற்றில் பல தவறி விழுந்தவை: நடக்கும்போது மூச்சு முட்டுகிறது என்று கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்கிறார்கள், அல்லது சட்டைப்பைக்குள் தொலைபேசியோடு சேர்த்துத் திணிக்கிறார்கள், தொலைபேசியை உருவும்போது கூடவே அதுவும் வந்து விழுந்துவிடுகிறது. ஆகவே எறிந்தவரிடமும் விழுந்ததாகவே வைத்துப் பேசுங்கள். "மல்லி (தம்பி), மாஸ்க் விழுந்துவிட்டது" என்று சிங்களத்தில், குரலை உயர்த்தாமல், ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். ஏன் எறிகிறாய் என்று கேட்டால் அவர் தன்னை நியாயப்படுத்தத்தான் பார்ப்பார். விழுந்துவிட்டது என்றால் மானம் போகாமல் குனிந்து எடுக்க வழி கிடைக்கிறது. எடுக்கவில்லையென்றால் அங்கே நின்று வாதாட வேண்டாம், ஆளில்லாத அதிகாலையில் என்றால் பேசவே வேண்டாம். மாநகர சபை இருக்கிறதே என்ற அவருடைய பதிலில் ஒரு பிழை உண்டு: சம்பளம் வாங்குகிறவர் பாதையைக் கூட்டுகிறார், நாணல் புதருக்குள் அவருடைய தும்புத்தடி எட்டுவதில்லை. நீங்கள் எடுப்பது பெரும்பாலும் அவருடைய கைக்கு எட்டாததைத்தான்.

மாநகர சபைக்கும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. தொட்டிக்குள் ஒழுங்காகப் போட்ட குப்பையைக் காகம் இழுத்து வெளியே போடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். மூடியில்லாத தொட்டியைச் சுற்றிக் கிடக்கும் சோற்றுப் பொதியும் முகக்கவசமும் மனிதர் எறிந்தவை ஆகா. மூடியுள்ள தொட்டியொன்றை வாகனம் நிறுத்துமிடத்தில் வைக்கும்படி, இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு, படத்தோடு எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது; எனினும் மகனிடம் சொல்லிச் சிங்களப் பிரதியொன்றையும் இணைத்தால் காரியம் விரைவாக நடக்கும். 2023 ஒக்டோபர் முதல் உறிஞ்சு குழாய், பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவற்றை அரசாங்கம் தடைசெய்தது. முகக்கவசம் அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் கூடாது. நோயாளிக்கும் தாதிக்கும் அது வேண்டும். அதனால்தான் தொட்டி வைப்பதைத் தவிர இதற்கு வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

பை நிறைந்துவிட்டது, இன்னும் கிடக்கிறது என்றால் முகக்கவசத்தை விட்டுவிட்டு, தண்ணீர் தேங்கக்கூடியதை முதலில் எடுங்கள்: யோகட் கோப்பை, வெட்டிய குரும்பைக் கோம்பை, வாய் திறந்த போத்தல். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். மீதொட்டமுல்லை சரிந்த அதே 2017 இல் இலங்கையில் 1,86,101 பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. எடுத்துச்செல்ல முடியாத கோப்பையை இடுக்கியால் கவிழ்த்துவிட்டுப் போனாலும் பயனுண்டு.

பேரனைக் கூட்டிப்போங்கள். ஆனால் இடுக்கி உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவனிடம் கொப்பியும் பென்சிலும் கொடுத்து, எந்த இடத்தில் எந்தப் பொருள் எத்தனை கிடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். மூடிய சப்பாத்து அவனுக்கும் கட்டாயம், பாதையை விட்டு இறங்கக்கூடாது, கண்டதைக் காட்டலாம் ஆனால் தொடக்கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். மாநகர சபைக்கு எழுதும் கடிதத்தோடு அந்தக் கொப்பியின் இரண்டு பக்கங்களைப் பிரதியெடுத்து இணைக்கலாம். எந்த இடத்தில் தொட்டி வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.