மோட்டார் சுருளுக்கு மக்கும் பிளாஸ்டிக் காப்பு தாங்குமா?

கோவையில் நீர்மூழ்கி மோட்டார்களுக்குச் சுருள் கட்டும் நீங்கள், பி.வி.சி. காப்புக்குப் பதிலாக, சோள மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டறையின் பி.வி.சி. கழிவைக் குறைக்க நினைப்பது மிகவும் நல்ல எண்ணம்.

அறை வெப்பநிலையில் பாலிலாக்டிக் அமிலம் சிறந்த மின்காப்புப் பொருளே. மின்கேபிள்களில் பயன்படும் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீனோடு ஒப்பிடத்தக்க மின்தடை அதற்கு உண்டு. சிக்கல் சூட்டில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் அதன் கண்ணாடிநிலை மாற்றம் நிகழ்கிறது. அதுவரை விறைத்துக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் அசையத் தொடங்குவதால், உள்ளே மாசாகத் தங்கியிருக்கும் அயனிகள் நகர வழி கிடைத்து, மின்தடை வேகமாகச் சரிகிறது. பொருளும் இளகிவிடுவதால், இறுக்கிக் கட்டிய கம்பி தன் காப்பையே நசுக்கி மெலிதாக்கிவிடும். சாதாரண பி.வி.சி. கம்பிக்கே 70 டிகிரி வரை அனுமதி உண்டு.

பாலிபியூட்டிலீன் சக்சினேட் என்னும் மற்றொரு மக்கும் பிளாஸ்டிக்கில் இந்த மாற்றம் சுமார் −30 டிகிரியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே அது வளைந்து கொடுக்கும், ஆனால் அறை வெப்பநிலையிலேயே அதன் மின்தடை குறைவு.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். பல்லடம், அவிநாசிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் சுருள் சூடான நீரிலேயே ஊறிக் கிடக்கும். இவ்விரு பிளாஸ்டிக்குகளின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளையும் வெந்நீர் மெல்ல அறுத்துவிடும். சுருளுக்கு இவை வேண்டாம். சூடேறாத, நனையாத உணர்வி (சென்சார்) பெட்டிகளுக்குப் பாலிலாக்டிக் அமிலத்தைத் தயங்காமல் முயன்று பாருங்கள்.