மோடம் கேள்வி-பதில்: முதலில் லைன், அப்புறம் கம்ப்யூட்டர்

இது விண்டோஸ் 98 காலத்துக் கேள்வி-பதில். போன் லைனில் டயல் செய்து கம்ப்யூட்டரை நெட்டோடு இணைத்த கருவிதான் மோடம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மோடம் பற்றியவை. பலவற்றுக்குப் பதில் எழுத வழியில்லை. "நெட் கனெக்ட் ஆகவில்லை, என்ன செய்வது?" என்று ஒற்றை வரி எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது? எரர் எண் என்ன, விண்டோஸ் எது, மோடம் உள்ளே பொருத்திய கார்டா வெளியே வைக்கும் பெட்டியா, இந்த மூன்றையும் எழுதாத கடிதத்தை இனி எடுப்பதாக இல்லை.

எரர் 680, டயல் டோன் இல்லை என்று வருகிறது. ஆனால் போனில் டோன் நன்றாகக் கேட்கிறது. விண்டோஸ் 98, உள் மோடம். (தஞ்சாவூர்)

கார்டின் பின்னால் இரண்டு ஜாக் இருக்கும். சுவரிலிருந்து வரும் ஒயர் 'லைன்' என்பதில், போன் கருவி 'போன்' என்பதில். இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் கண்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், பிராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன் போய் 'வெயிட் ஃபார் டயல் டோன்' டிக்கை எடுத்துவிடுங்கள். வெளிநாட்டு டோனை எதிர்பார்த்துச் செய்த மோடம்கள் நம் எக்ஸ்சேஞ்ச் டோனை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுவது உண்டு.

எரர் 691. (ஊர் இல்லை, வேறு எதுவும் இல்லை)

யூசர் நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு. கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். நெட்டுக்காகக் காசு கட்டி வாங்கிய மணி நேரம் தீர்ந்துபோயிருந்தாலும் இதே எரர் வரலாம்.

கனெக்ட் ஆனதும் 115200 என்று காட்டுகிறது. ஆனால் பைல் வினாடிக்கு 4 கேபிதான் இறங்குகிறது. ஏமாற்றுகிறார்களா? (ஈரோடு)

இல்லை. 115200 என்பது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். லைனில் உங்களுக்குக் கிடைப்பது வினாடிக்கு 40 ஆயிரம் பிட் சுமார். எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுங்கள், 5 கேபி. அதில் 4 வந்தால் நல்ல லைன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வி.90 தரத்து மோடத்தில் 56 (ஆயிரம் பிட்) என்பது இறங்கும் பக்கத்துக்கு மட்டும்தான். நீங்கள் அனுப்பும் பக்கம் 33.6-ஐத் தாண்டாது. மெயிலில் போட்டோ இணைத்தால் அத்தனை நேரம் பிடிப்பது அதனால்தான்.

ஐயா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட் ஆகிறது. மழை நாளில் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. மோடத்தை மாற்றலாமா? (நாகர்கோவில்)

மாற்றாதீர்கள். மழையோடு சேர்ந்து வரும் கோளாறு மோடத்தில் இருக்காது. ரிசீவரை எடுத்து 1-ஐ மட்டும் அழுத்துங்கள். டோன் நின்று லைன் அமைதியாகும். அந்தச் சில வினாடிகளில் கரகரப்போ பொரிகிற சத்தமோ கேட்டால் லைனில் ஈரம் அல்லது கெட்ட ஜாயின்ட். அடுத்து ரோசெட் பாக்ஸை, அதாவது சுவரில் போன் ஒயர் வந்து சேரும் சிறு பெட்டியை, திறந்து பாருங்கள். திருகுக்கடியில் செம்புக்கம்பி பச்சை பூத்திருக்கும், எறும்பு மண் சேர்த்திருக்கும். நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்குங்கள். அந்த நேரத்தில் மணி அடித்தால் சுருக்கென்று ஷாக் அடிக்கும், கவனம். வீட்டுக்குள் சரியாக இருந்தால் லைன்மேனை அழைத்து டிபி பாக்ஸிலிருந்து (வெளியே லைன்கள் பிரியும் பெட்டி) வரும் ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள். "நெட் வரவில்லை" என்று புகார் செய்யாதீர்கள், "பேசும்போது கரகரக்கிறது" என்று சொல்லுங்கள். அதற்குத்தான் ஆள் வருவார்கள்.

பேரலல் போன் (அதே லைனில் மாட்டிய இன்னொரு போன்) இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். கால் வெயிட்டிங் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அந்த பீப் சத்தமே இணைப்பை அறுக்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் மோடம் அட்வான்ஸ்டு பகுதியில் 'எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ்' கட்டத்தில் S10=50 என்று போடுங்கள். சிக்னல் சற்று மறைந்தாலும் ஐந்து வினாடி பொறுத்துப் பார்க்கும். மோடத்தில் இருப்பது கோனெக்ஸன்ட் நிறுவனத்தின் சிப் என்றால் +MS=V34 என்பதையும் சேர்க்கலாம். வேகம் 33.6-க்குள் இறங்கும், ஆனால் நிற்கும். நிற்காத 48-ஐவிட நிற்கும் 31 மேல்.

நெட் கனெக்ட் ஆனவுடன் மவுஸ் நகர மறுக்கிறது. பழைய பென்டியம், சீரியல் மவுஸ். (காரைக்குடி)

சீரியல் போர்ட்களில் மவுஸ் காம்1-இலும் மோடம் காம்3-இலும் இருக்கும். இரண்டுக்கும் ஐஆர்க்யூ (புராசசரைக் கூப்பிடும் வழி) ஒன்றே, 4. அதனால் மோதுகின்றன. கார்டிலுள்ள ஜம்பரை (பின்களை இணைக்கும் சிறு கவ்வி) மாற்றி மோடத்தைக் காம்2-க்குக் கொண்டுபோங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது நுழையும் செட்டப்) மதர்போர்டின் காம்2-ஐ அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதோடு மோதும்.

மோடம் ஒரு வாரமாக மக்கர் செய்தது. கடையில் கொடுத்தோம், ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது மோடமே இல்லை என்கிறது. அதை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் எங்கே கிடைக்கும்? (கும்பகோணம்)

இந்தக் கடிதம் ஊர் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. லைனில் கரகரப்பா, ஃபார்மேட். பாஸ்வேர்டு தவறா, ஃபார்மேட். மோடத்தை வேறு ஒரு போன் லைனில் மாட்டிக்கூடப் பார்க்காமல் ஹார்ட் டிஸ்கைத் துடைக்கிறார்கள். லைன் கோளாறு லைனிலேயே இருக்கிறது. போனதெல்லாம் உங்களுடையது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இருந்த மெயில்கள் டிபிஎக்ஸ் பைல்களாக சி டிரைவில்தான் இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் மகன் இரண்டு வருடமாக எழுதியது அத்தனையும் அதில் போகும். அதைத் திருப்பித் தர எந்தக் கடைக்காரராலும் முடியாது. கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன்பே "ஃபார்மேட் செய்யக்கூடாது, செய்துதான் ஆகவேண்டும் என்றால் என்னைக் கேளுங்கள்" என்று ஒரு தாளில் எழுதி கேபினெட் மேல் ஒட்டுங்கள்.

சரி, இப்போது ஆகவேண்டியது. சுவரிலிருந்து போன் ஒயரையும் பவர் ஒயரையும் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்து கார்டை எடுங்கள். அதிலுள்ள பெரிய சிப்பில் லூசென்ட், கோனெக்ஸன்ட், பிசிடெல், மோட்டோரோலா என்று ஏதாவது ஒரு பெயரும் கீழே ஒரு எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்த பெயர் உதவாது, டிரைவர் சிப்பைப் பார்த்துத்தான் பொருந்தும். கார்டைத் திரும்பப் பொருத்திக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் 'பிசிஐ கம்யூனிகேஷன் டிவைஸ்' என்று மஞ்சள் கேள்விக்குறியோடு நிற்பதுதான் உங்கள் மோடம். அது அங்கே தெரிந்தால் பெரும்பாலும் கார்டு உயிரோடு இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் அந்த எண்ணைத் தேடி விண்டோஸ் 98-க்கான டிரைவரை இறக்குங்கள். ஒரு பிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும், வின்ஜிப்பில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பிளாப்பி கெடுவது சகஜம் என்பதால் இரண்டு செட் எடுங்கள். வேலை முடிந்ததும் அந்த டிரைவரை டி டிரைவில் ஒரு போல்டரில் போட்டு, டயல் செய்யும் எண், யூசர் நேம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

பென்டியம் 133-இல் புது மோடம் போட்டேன். கனெக்ட் ஆனதும் எல்லாமே ஊர்கிறது. (திண்டுக்கல்)

விலை பார்த்து சாஃப்ட் மோடம் வாங்கியிருக்கிறீர்கள். அதில் மோடத்தின் வேலையைச் செய்வது உங்கள் புராசசர்தான். சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் வாங்குங்கள். விலை இரண்டு மூன்று மடங்கு ஆகும், ஆனால் இந்த மெஷினுக்கு அதுதான் சரி.

எரர் 720. (பாளையங்கோட்டை)

கனெக்‌ஷன் பிராப்பர்ட்டீஸில் சர்வர் டைப்ஸ். டிசிபி/ஐபி (நெட்டில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறை) மட்டும் டிக், மற்றதெல்லாம் எடுங்கள். டிசிபி/ஐபியே இல்லை என்றால் நெட்வொர்க்கில் போய்ச் சேருங்கள். ஃபார்மேட் வேண்டாம்.

டயல் செய்யும்போது எஸ்டிடி கோடையும் சேர்த்து அடிக்கிறது. (கரூர்)

'யூஸ் ஏரியா கோட்' டிக்கை எடுங்கள். நெட்டுக்கு டயல் செய்யும், 172 என்று தொடங்கும் எண்ணுக்கு முன்னால் எதுவும் வேண்டாம்.

இடி இடித்த மறுநாள் மோடம் வேலை செய்யவில்லை. போனும் செத்துவிட்டது. யூபிஎஸ் அணைத்துத்தான் வைத்திருந்தோம். (ஊட்டி)

யூபிஎஸ்ஸை அணைத்து என்ன பயன்? மின்னல் வந்தது போன் லைன் வழியாக. மோடத்திலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுப் போனை நேரே சுவரில் மாட்டுங்கள். டோன் வந்தால் மோடம் உள்ளே ஷார்ட் ஆகி லைனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தூக்கி எறிந்துவிடலாம். வராவிட்டால் எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுங்கள். கார்டை எடுத்தபின் கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கிளம்புகிறதா என்றும் பாருங்கள், சில சமயம் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். புது மோடம் வாங்கியபின், வானம் இருட்டினால் சுவரிலிருந்தே போன் ஒயரைக் கழற்றுங்கள். நேரில் கேட்பவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: மோடத்தின் பக்கம் அல்ல, சுவரின் பக்கம்.